புதுப்பிப்பு: பைத்தானில் 10 + 20 ஏன் 1020 ஆனது?

பைத்தான் மொழியில் எழுதிய நிரலில் பயனரிடம் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டினால் 30-க்குப் பதில் 1020 வருகிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா, காரணம் பிடிபட்டுவிட்டது. பைத்தான் 3-இல், பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் (input) எப்போதும் சரத்தைத்தான் (string, அதாவது எழுத்துகளின் வரிசை) தரும். எண்ணைத் தட்டினாலும் சரம்தான். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டிவிடும், கூட்டாது. இரண்டு இன்புட்டையும், முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குள் (int) போட்டேன், 30 வந்தது.

சரி, அப்புறம் 12.5 கொடுத்துப் பார்த்தேன். வேல்யூஎரர் (ValueError) என்ற பிழை! சரமாக வரும் "12.5"-ஐ இன்ட் ஏற்காது, தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட் (float) வேண்டும். ஆனால் மேற்கோள்குறி இல்லாத 12.5-ஐ அதே இன்ட்டிடம் கொடுத்தால் சத்தமில்லாமல் 12 ஆக்கிவிடுகிறது. எனக்கு இதுதான் அதிகம் பயம் தருகிறது: பிழை வந்தால் கண்ணில் படும், பின்னம் தொலைந்தால் படாது.

மதிப்பைத் திரையில் காட்டும் பிரிண்ட்டை (print) நம்பி ஏமாந்தேன், சரமும் எண்ணும் அதில் ஒரே மாதிரி 10 என்றுதான் தெரியும். இப்போது முதலில், மதிப்பு எந்த வகை என்று சொல்லும் டைப் (type) போட்டுப் பார்க்கிறேன்.