குடும்பக் குழுவில் ஒரு செஸ் பேச்சு

நான்: அடுத்த வாரத்திலிருந்து நான்காம் வகுப்புக் கணக்குப் பாடவேளை ஒன்றில் செஸ் பலகையை வைத்துப் பாடம் நடத்தப்போகிறேன். பெரியப்பா, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பெரியப்பா: எல்லாக் காய்களையும் ஒரே நாளில் இறக்காதே. முதலில் சிப்பாய்கள் மட்டும், பக்கத்துக்கு எட்டு. யாருடைய சிப்பாய் முதலில் எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. நேரே நகரும், மூலைவாக்கில் வெட்டும். அது பழகட்டும்.

சித்தி: செஸ் ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடுமாமே தம்பி?

நான்: அப்படி உறுதி சொல்ல முடியாது சித்தி. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. செஸ் வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தால், கணக்குத் தேர்வில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

அக்கா: அப்புறம் எதற்குடா பாடவேளையைச் செலவழிக்கிறாய்? ஆர்மீனியாவில் 2011இலிருந்து தொடக்கப் பள்ளியில் செஸ் கட்டாயப் பாடம் என்று படித்தேன். அவர்கள் சும்மாவா வைத்திருப்பார்கள்?

பெரியப்பா: ஆடினால் மட்டும் கணக்கு தானாக வந்துவிடாதம்மா. பலகையை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். காலிப் பலகையில் யானையை எந்தக் கட்டத்தில் வைத்தாலும் 14 கட்டங்களுக்குப் போகலாம். ஏன்? மூலையில் நிற்கும் குதிரைக்கு 2 கட்டம்தான், நடுவில் வந்தால் 8. ஏன்? பிள்ளைகளே காயை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். பலகையில் எத்தனை சதுரம் என்று கேள், 64 என்பார்கள். 2க்கு 2, 3க்கு 3 என்று பெரிய சதுரங்களையும் சேர்த்தால் 204.

சித்தி: 204ஆ! இருங்கள், நானும் எண்ணிப் பார்க்கிறேன்.

அக்கா: என் பிள்ளை ஒரு ஆட்டம் தோற்றாலே அழுகிறான். வகுப்பில் நன்றாக ஆடுகிற நாலு பேர்தானே ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள்?

நான்: அதனால்தான் போட்டியே வைக்கவில்லை அக்கா, யார் முதல் என்ற பட்டியலும் கிடையாது. இரண்டிரண்டு பேர் ஒரு அணி. காயைத் தொடும் முன் “இதை ஏன் நகர்த்துகிறோம்” என்று கூட்டாளியிடம் சொல்லியாக வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால்தான் நகர்த்தலாம். வகுப்பில் கையே தூக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடமாவது காரணம் சொல்லிப் பழகட்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

பெரியப்பா: நல்ல யோசனை. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட பலகையாகப் பார்த்து வாங்கு. கட்டத்தைப் பெயர் சொல்லிப் பழகினால், பின்னால் வரைபடத்தாளில் புள்ளி வைக்கும்போது கைகொடுக்கும்.

சித்தி: எண்ணிவிட்டேன்! 8க்கு 8 ஒன்று, 7க்கு 7 நான்கு, 6க்கு 6 ஒன்பது, அடுத்தது பதினாறு. எல்லாம் வர்க்க எண்களாகவே வருகிறதே!

பெரியப்பா: ஆமாம்மா, கடைசிவரை அப்படித்தான் வரும். தம்பி, வகுப்பில் இதை நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

நான்: சொல்ல மாட்டேன் பெரியப்பா.