புதுப்பிப்பு: தரையில் கொட்டிய பெர்க்

நான் வேலை பார்க்கும் டிரை கிளீனிங் கடையில் துணி சுத்தம் செய்யும் கரைப்பானான பெர்க்கை (பெர்குளோரோஎத்திலீன்) இயந்திரத்துக்கு மாற்றும்போது கேன் சாய்ந்து கொட்டியதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கலாமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பெர்க் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.6 கிலோ எடை. தண்ணீரில் அதிகம் கரையாது, அடியில் தங்கும். சாக்கடை இணைப்பிலும் சிமென்ட் தரையின் விரிசலிலும் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்ந்துவிட்டால் பல ஆண்டுகள் போகாது. தெருக் கிணற்றை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

ஆவியும் காற்றைவிடக் கனமானது. குனிந்து துடைப்பவருக்குத்தான் முதலில் தலைசுற்றும். ஆகவே முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். கதவுகளைத் திறக்க வேண்டும். பாய்லரையும் அடுப்பையும் அணைப்பது முக்கியம், ஏனென்றால் பெர்க் எளிதில் எரியாவிட்டாலும் கடும் சூட்டில் அதன் ஆவி சிதைந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம். துணி முகக்கவசம் பயன்படாது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். உலர்ந்த மணலில் உறிஞ்சவைத்து, மூடியுள்ள உலோக டிரம்மில் அபாயகரக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

இப்போது இயந்திரத்தின் அடியில் விளிம்பு உயர்ந்த எஃகுத் தட்டு வந்துவிட்டது. பக்கத்துத் தரைவடிகாலை அடைத்துவிட்டோம். கேனைக் கவிழ்ப்பதில்லை, மூடிய குழாய் வழியே பம்ப் செய்கிறோம். இயந்திரக் கதவின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) மட்டும் இன்னும் மாற்றப்படவில்லை. முதலாளியிடம் தினமும் கேட்கிறேன்.