டீஃபால்ட் செட்டப் வேறு, மெமரி அழிப்பு வேறு: ஸ்கோப்பைக் கைமாற்றும் முன் (சேலம் வட்டாரத்தில் ஸ்கோப் வைத்திருப்பவர்களின் பேச்சு; பெயர்கள் அவரவர் ஊர், பகுதி)

சூரமங்கலம்:
ஆசிலோஸ்கோப்பை (மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) வாடகைக்கோ சர்வீசுக்கோ கொடுக்கும்போது ‘டீஃபால்ட் செட்டப்’ பட்டனை அமுக்கினால் எல்லாம் போய்விடும் என்ற எண்ணம் இருக்கிறது. போகாது. வோல்ட்/டிவிஷன் (உயர அளவு), டைம்பேஸ் (நேர அளவு), ட்ரிகர் (அலை எங்கே தொடங்கிக் காட்டும் என்பது) போன்ற திரை அமைப்புகள்தான் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். உள்ளே சேமித்த செட்டப்பும் ரெஃபரன்ஸ் (ஒப்பிட வைத்த) அலைவடிவமும் அப்படியே கிடக்கும். அடுத்தவர் ரீகால் போட்டால் (சேமித்ததைத் திரும்ப எடுத்தால்) உங்கள் கஸ்டமர் போர்டின் சிக்னல் அவர் திரையில்.

கீசைட் கம்பெனியின் 2000, 3000 எக்ஸ் வரிசையில் சேவ்/ரீகால், டீஃபால்ட்/எரேஸ், செக்யூர் எரேஸ் என்று போங்கள். உறுதி கேட்கும்; ஒப்புக்கொண்டால் அழித்துவிட்டுத் தானே ரீபூட் ஆகும். டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் 4000 வரிசையில் யூட்டிலிட்டி மெனுவுக்குள் ‘டெக்செக்யூர்’ என்ற மெமரி அழிப்பு இருக்கும். அங்கே அழித்தபின் நாமே பவரை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். பாதிப் பேர் விடுவது இதைத்தான்.

ஐந்து ரோடு:
அழித்தது திரும்பாது. முதலில் செட்டப்பைப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள்: டெக்ட்ரானிக்ஸ் என்றால் .செட், கீசைட் என்றால் .எஸ்சிபி கோப்பு. எடுத்த கோப்பை ஸ்கோப்பிலேயே ஒருமுறை ரீகால் செய்து பார்த்துவிட்டு அழியுங்கள். மாதாந்திர மின்நிறுத்த நாளில் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். பென்டிரைவைக் கழற்றவும் மறக்காதீர்கள். செக்யூர் எரேஸ் அழிப்பது உள் மெமரியைத்தான்.

ஓமலூர்:
அண்ணே, டெக்செக்யூர் போட்டால் கலிபரேஷனும் (அளவு சரிசெய்த மதிப்புகளும்) போயிடுமா?

சூரமங்கலம்:
போகாது தம்பி. ஃபேக்டரி கலிபரேஷன் மதிப்புகளை அது தொடாது.

ஏற்காடு:
கலிபரேஷனைக் கெடுப்பது மலைதான்! சேலம் 300 மீட்டருக்கும் கீழே, இங்கே ஏறக்குறைய 1500. கோடையில் 10 டிகிரி வித்தியாசம் வரும். கீசைட்டில் யூசர் கேல் (நாமே செய்யும் கலிபரேஷன்) செய்த வெப்பநிலையிலிருந்து 10 டிகிரிக்கு மேல் மாறினாலே மறுபடி செய்யச் சொல்கிறார்கள். 30 நிமிடம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பின்பக்கம் உள்ள கேல் பட்டனை அமுக்கிப் பாதுகாப்பை எடுக்காவிட்டால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. டெக்ட்ரானிக்ஸில் இதற்குப் பெயர் சிக்னல் பாத் காம்பன்சேஷன், 20 நிமிடச் சூடு.

ஏசி அறையின் குளிரிலிருந்து நேரே சூடான ஈரக் காற்றுக்குள் இறக்கினால் உள்ளே நீர் பூக்கும். பெட்டியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

ஐந்து ரோடு:
இன்னொன்று. ஸ்கோப் திரும்பி வந்ததும் தேதி, நேரம் பாருங்கள். தப்பாக இருந்தால் சேமிக்கும் கோப்பெல்லாம் தப்புத் தேதியில் விழும், ரிப்போர்ட்டில் மாட்டுவீர்கள். ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் ஸ்கோப்பின் எண்) பாருங்கள். வாங்கிப்போனவர்கள் நிலையாக வைத்த முகவரியை டிஹெச்சிபிக்கு (நெட்வொர்க்கே முகவரி கொடுக்கும் முறை) மாற்றாமல் உங்கள் லேனில் (உள் நெட்வொர்க்கில்) செருகினால் வேறு பெட்டியோடு மோதலாம். ப்ரோப் (சிக்னலைத் தொட்டு எடுக்கும் கம்பி) 10 எக்ஸா (பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது), 1 எக்ஸா (அப்படியே கொடுப்பது) என்பதும் ஸ்விட்ச்சிலும் மெனுவிலும் ஒன்றாக இருக்கணும். 5 வோல்ட் 50 ஆகக் காட்டினால் ஐசியைக் குறை சொல்லாதீர்கள்.