பிடில் இலை அத்தியும் அதன் குளவியும்: நேரில் கண்டவை

தென் புளோரிடாவில் தோட்டப் பராமரிப்பில் இருப்பவர்:

பிடில் இலை அத்தியைப் பலரும் கூடத்து மூலையில் தொட்டியில் நிற்கும் அழகுச் செடியாகவே அறிந்திருக்கிறார்கள். அதன் தாயகமோ மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நில மழைக்காடு. அங்கே அது பெரும்பாலும் வேறொரு மரத்தின் கிளையில் முளைத்து, வேர்களைத் தரைவரை இறக்கி, 12 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்து, இடம்கொடுத்த மரத்தையே சில வேளைகளில் நெரித்துவிடும். பனி உறையாத எங்கள் பகுதியில் இதைச் சாலையோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நட்டிருக்கிறார்கள்.

என் பொறுப்பிலுள்ள மரங்கள் ஆண்டுதோறும் பச்சை நிறக் காய்களை உதிர்க்கின்றன. அவற்றைப் பிளந்து பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. உள்ளே குளவியையோ திரண்ட விதையையோ நான் கண்டதில்லை, மரத்தடியில் நாற்று எதுவும் முளைத்ததுமில்லை. அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே அடைபட்டிருப்பதால், அந்தந்த இனத்துக்கென்று அமைந்த சிறு குளவி காயின் நுண்துளை வழியாக நுழைந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். பிடில் இலை அத்திக்கு உரிய அகாவோன் ஸ்பாதுலாட்டம் என்னும் குளவி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது.

குளவி இங்கே இல்லாததால் இது பரவாது, தீங்கே இல்லை என்று நாற்றுப்பண்ணைகளில் சொல்கிறார்கள். அதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஆசிய இனமான ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பாவும் இங்கே நெடுங்காலம் நிழல்மரமாகவும் வேலிச்செடியாகவும் அடங்கித்தான் இருந்தது. 1970களில் அதன் குளவி வந்து சேர்ந்த பிறகு, பறவைகள் எச்சத்தோடு இட்ட விதைகள் பாலங்களின் வெடிப்புகளிலும், கட்டடச் சுவர்களிலும், சபால் பனைகளின் மட்டை இடுக்குகளிலும் முளைக்கத் தொடங்கின. இன்று அது இம்மாநிலத்தின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் முதல் வகையில் இருக்கிறது. மரம் மாறவில்லை, ஒரு பூச்சி வந்தது, அவ்வளவுதான்.

ஹவாயில் வசிப்பவர்:

எங்கள் தீவுகளில் குளவிகள் தாமாக வரும்வரை காத்திருக்கவில்லை, மனிதர்களே கொண்டுவந்தார்கள். காடழிந்த மலைச்சரிவுகளை மீண்டும் பசுமையாக்கும் நோக்கத்தோடு, 1920களில் ஆஸ்திரேலிய அத்தி இனங்களுக்கும், 1938இல் மைக்ரோகார்ப்பாவுக்கும் உரிய குளவிகள் இங்கே விடப்பட்டன. அதன் பலனை எங்கள் வீட்டுக் கல்மதிலில் நான் இன்றும் பார்க்கிறேன். இளநாற்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் உண்டு. ஒரு பருவம் தவறினாலும் வேர் கல்லிடுக்கில் இறங்கிவிடும், பிறகு வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

கெய்ரோவில் பணியாற்றுபவர்:

மேலே எழுதிய இருவரின் கவலையும் நியாயமானது. ஆயினும் மறுபக்கமாக நிற்கும் ஆப்பிரிக்க அத்தி ஒன்றை நான் இங்கே அன்றாடம் பார்க்கிறேன். சிக்கமோர் அத்தி எனப்படும் ஃபைக்கஸ் சிக்கோமோரஸ், பாரோ மன்னர்களின் காலம் தொட்டு எகிப்தில் வளர்க்கப்பட்டு வருகிறது. அதற்கு மகரந்தச் சேர்க்கை செய்யும் செரடோசோலன் அராபிகஸ் என்ற குளவி இங்கே இல்லை. சூல்களில் முட்டையிட்டுக் கழலைகளை உண்டாக்கும் சைக்கோஃபாகா சிக்கோமோரி என்ற வேறொரு குளவி இருக்கிறது, அதனால் விதை உண்டாவதில்லை. எனவே மரத்தைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டே பெருக்கினார்கள். காயைக் கத்தியால் கீறிவிட்டு, குளவி வெளிவருமுன் பழுக்க வைத்து உண்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகியும் இந்த மரம் மனிதக் கையை மீறிப் பரவவில்லை என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதற்காக, குளவிக்குத் தொலைவு ஒரு தடை என்றும் எண்ணிவிடலாகாது. நமீபியாவின் உகாப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதே சிக்கமோர் மரங்களின் விதைகளை மரபணு முறையில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிரு நாளே வாழும் செரடோசோலன் குளவிகள் காற்றின் துணையோடு 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைக் கொண்டுசென்றிருப்பது தெரியவந்தது.

தென் புளோரிடாவில் தோட்டப் பராமரிப்பில் இருப்பவர்:

கெய்ரோ நண்பருக்கு நன்றி. சிக்கமோரின் இந்த வரலாறு என் அச்சத்துக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. வீட்டுக்குள் ஒரு தொட்டிச் செடி வைத்திருப்பவர் கலங்கத் தேவையில்லை. தப்பித் தவறி ஒரு குளவி வந்தாலும், அதன் சந்ததிக்கு அடுத்த சில நாள்களிலேயே ஏற்ற பருவத்தில் காய் வேறொரு மரத்தில் கிடைத்தாக வேண்டும். ஒரே மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒருசேர முதிர்வதால், தனிமரம் அதைக் காப்பாற்றாது. வெவ்வேறு காலங்களில் காய்க்கும் மரங்கள் ஒரு நகரமெங்கும் நிறைந்திருந்தால்தான் குளவி நிலைபெறும். அப்படிப்பட்ட நிலையைச் சாலைகள்தோறும் நட்டு நாமே உருவாக்கி வருகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இயற்கைக் காட்டை ஒட்டிய நிலங்களில் இதைப் புதிதாக நடுவதை நான் நிறுத்திவிட்டேன். இருக்கும் மரங்களை வெட்டவில்லை. வெளியில் இந்த மரம் வைத்திருப்பவர்கள் உதிரும் காய்களை அவ்வப்போது பிளந்து பாருங்கள். தோலில் சிறு துளையும் உள்ளே கெட்டியான விதைகளும் ஒருங்கே தென்பட்டால், அருகிலுள்ள பனைமட்டைகளிலும் சுவர் வெடிப்புகளிலும் நாற்று உண்டா என்று தேடி, படத்தோடு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.