மூத்தது இடக்கன்னமா, வலக்கன்னமா?

முட்டத்துக்காரன்:
"முதுமை பரம்பரை எழுதிய கணக்கு, எவராலும் திருத்த முடியாது" என்று நேற்று பத்மநாபபுரத்தார் எழுதியதைப் படித்தபின் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரரின் படம் 2012-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. சன்னலோரம் இருந்த இடக்கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கி, மறுகன்னத்துக்குத் தகப்பனைப் போல் மூத்திருந்தது. கண்ணாடியைத் தாண்டி வரும் புற ஊதா ஏ கதிர், தோலின் அடி அடுக்கு வரை சென்று இழைகளைச் சிதைத்ததே காரணம். இரு கன்னங்களுக்கும் பரம்பரை ஒன்றுதானே?

பத்மநாபபுரத்தார்:
நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். இடக்கன்னத்துக் கதை இங்கே செல்லாது. என் அம்மாவன்மார் (தாய்மாமன்மார்) மூவரும் 90 கடந்தவர்கள், பீடியைத் தொடாதவர்கள். அது குடும்ப வாகு.

முட்டத்துக்காரன்:
இங்கே வலக்கன்னம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஒன்றுதான். 1996-ல் டென்மார்க்கில் 2,800-க்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளை ஆராய்ந்தவர்கள், ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்கே பரம்பரையைச் சேரும் என்று கண்டார்கள். நீங்களோ மூன்று அம்மாவன்மாரை நிறுத்துகிறீர்கள். பீடியைத் தொடாதது பரம்பரையா, பழக்கமா?

குலசேகரம் ரப்பர்:
விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன என் அப்பாவின் முகத்தில் சுருக்கமே இல்லை. ஆனால் 60 வயதிலேயே முட்டியை மடக்க முடியவில்லை. குளச்சலில் 70 வயதில் கரமடி வலை இழுக்கும் பெரியவரின் முகமோ காய்ந்த பனையோலை. இவர்களில் மூத்தவர் யார்?

பத்மநாபபுரத்தார்:
இடப்பக்கம் குறித்த என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. சென்ற ஓணத்தின்போது, சாளை மீன் தின்றால் முதுமை வராது என்று எழுதியவரும் இந்த முட்டத்துக்காரரே.

முட்டத்துக்காரன்:
அப்படி நான் எழுதவில்லை. வயது ஏற ஏறத் தசை கரையும், அதைத் தாங்க உழைப்பும் புரதமும் வேண்டும், நமக்கு மலிவான புரதம் சாளை என்றே எழுதினேன். அன்று திரித்தீர்கள், இன்றும் திரிக்கிறீர்கள். ரப்பர்காரர் கேட்டதற்கும் விடை இதில் உண்டு: தோலை வெயில் மூப்பாக்கும், முட்டியை வேறொன்று தேய்க்கும், உடம்பு முழுவதும் ஒரே நாளில் கிழமாவதில்லை.

குலசேகரம் ரப்பர்:
சாளை மலிவு என்பது கரையில் இருப்பவர் பேச்சு. மலையோரம் வந்து விலை கேட்டுப் பாருங்கள்.

முட்டத்துக்காரன்:
விலையை இதில் இழுக்காதீர்கள்.

பத்மநாபபுரத்தார்:
வலக்கன்னம் மூத்த ஓட்டுநர் ஒருவரைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

முட்டத்துக்காரன்:
நாளைக் காலை நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். ஓட்டுநர்களின் இரு கைகளையும் சேர்த்துவைத்துப் பாருங்கள், வலக்கையின் கறுப்பே சாட்சி சொல்லும்.

பத்மநாபபுரத்தார்:
கை வேறு, கன்னம் வேறு.