தேரியில் கிடைத்த கறுப்புக் கல்: அப்சிடியன் என்று சாதிக்கிறான் பேரன்

தேரித்தபால் | ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தேரி என்கிற எங்கள் செம்மணல் காட்டில் சைக்கிள் என்னைச் சுமந்த நாளைவிட நான் சைக்கிளைச் சுமந்த நாள்தான் அதிகம். அந்தச் செம்மணலில் கிடப்பது எதுவும் எனக்குத் தெரியாததில்லை என்று ஒரு மிதப்பு இருந்தது. பதினொரு வயதுப் பேரன் வந்து அதைக் கெடுத்துவிட்டான்.

பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெங்களூரிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். திரும்பும் வழியில் தேரி முடிந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு உண்டு. கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் சிதறிக் கிடக்கும். கொல்லாமர நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பயல் அங்கே போய் ஒரு கல்லை எடுத்து வந்தான். எலுமிச்சம்பழ அளவு. ஒரு பக்கம் குளத்திலிருந்து ஏறி வந்த எருமையின் முதுகு மாதிரி கறுத்து மின்னுகிறது. மறு பக்கம் மங்கல். ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல ஐந்தாறு சின்ன ஓட்டைகள். ஓரம் கூர்மை. என் கட்டைவிரலில் ஒரு கோடு போட்டுவிட்டது.

“தாத்தா, இது அப்சிடியன். எரிமலைக் குழம்பில் தண்ணீர் ஊற்றினால் வரும். வைரக் குந்தாலி இருந்தால்தான் இதை உடைக்க முடியும்” என்கிறான். கம்ப்யூட்டர் விளையாட்டில் பார்த்தானாம். தேரியில் எரிமலை எங்கேயடா என்றால் பதில் இல்லை, ஆனால் கல்லையும் கீழே போடமாட்டேன் என்கிறான்.

பெட்டிக்கடை அண்ணாச்சி விண்கல் என்றார். டவுணில் ஒரு ராசிக்கல் கடையில் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்த மறுநொடியே “அசல் அப்சிடியன், திருஷ்டி அண்டாது, பட்டை தீட்டி மோதிரத்தில் வைத்துத் தர 2,500 ரூபாய்” என்றார். அவர் அவ்வளவு வேகமாகச் சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புதன்கிழமை ரயிலுக்கு அவர்கள் கிளம்புகிறார்கள்.

கடலைமிட்டாய் | ஞாயிறு, காலை 7.25

அண்ணாச்சி, பீர் பாட்டிலின் அடிப்பாகமாக இருக்கும். தேரியில் எரிமலை இல்லை, ஆனால் பாட்டில் உடைக்கிறவர்களுக்குக் குறைவில்லை.

பாறைவாத்தியார் | ஞாயிறு, காலை 10.40

பாட்டில் என்று ஒரேயடியாக முடிவு கட்ட வேண்டாம். பாட்டிலில் ஆப்ப ஓட்டை இருக்காது. கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் நிலவியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்சிடியன் என்பது எரிமலைக் கண்ணாடி. பதநீர் காய்ச்சுகிற ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. பாகைப் பதமாக இறக்கி ஆடாமல் அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் பட்டை பட்டையாகப் பனங்கற்கண்டு விளைகிறது. துகள்கள் நிதானமாக வரிசையில் போய் உட்கார நேரம் கிடைக்கிறது, அதனால் படிகம். அதே பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் டக்கென்று இறுகிவிடுகிறது. வரிசையும் கிடையாது, படிகமும் கிடையாது. அதுதான் கண்ணாடி. பாறையிலும் இதே கதைதான். மணற்சத்தான சிலிக்கா நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருக்கும் எரிமலைக் குழம்பு முற்றிய பாகு மாதிரி. அதற்குள் அணுக்களால் நகரவே முடியாது. வரிசைப்படுமுன் ஆறிவிட்டால் அப்சிடியன்.

பேரனிடம் சொல்லுங்கள், தண்ணீர் கட்டாயமில்லை. தரைமேல் ஓடிய குழம்பே வெறுமனே ஆறி, மலையளவு அப்சிடியன் ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பகுதியில் அப்படி ஒரு செங்குத்துப் பாறையே நிற்கிறது. வைரக் குந்தாலியும் வேண்டாம். வைரத்துக்கு 10 என்று வைக்கும் கடின அளவில் அது 5 அல்லது 5.5தான்; நம் தேரியில் கிடக்கும் வெள்ளைக்கல் 7. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் உடைகிற விதத்தைப் பார்க்க வேண்டும். சிப்பியின் உட்பக்கம்போல வளைவளைவாக அலை விழுந்து உடையும், ஓரம் சவரக்கத்தியை வெட்கப்பட வைக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் அடிப்பாறை நைஸ், சார்னோகைட் என்னும் கெட்டியான படிகப் பாறைகள். ஐம்பது கோடி வருடத்துக்கும் மூத்தவை. தேரி மணலோ காற்று கொண்டுவந்து குவித்தது, இரும்புத்துரு பூசியதால் சிவந்தது. எரிமலை எதுவும் பக்கத்தில் இல்லை. ஒருவேளை அந்தக் காலத்தில் இருந்திருந்தாலும் கண்ணாடி அவ்வளவு காலம் தாங்காது. பழைய மிட்டாய் நாள்பட்டால் பூத்துப்போய் மணல் மணலாகிறதே, அப்சிடியனும் அப்படித்தான் மெதுவாகப் படிகமாகிவிடும். அதனால் உலகில் கிடைக்கிற அப்சிடியன் பெரும்பாலும் புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்த பிள்ளை. தக்காணத்து எரிமலைப் பாறையைச் சொல்வீர்கள். அது பசால்ட், சிலிக்கா பாதிதான், இளகிய பாகு, அணுக்கள் எளிதில் வரிசைப்பட்டுவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மெல்லிய ஓரத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். அப்சிடியன் என்றால் புகை நிறத்தில் ஒளி கசியும், பாட்டில் என்றால் பச்சையோ பழுப்போ தெரியும். காந்தம் வைத்துப் பாருங்கள். பிறகு எடை. மின்னணுத் தராசில் கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அப்சிடியனுக்கு ஏறத்தாழ 2.4 வரும், பாட்டிலுக்கு 2.5.

தியேட்டர்சிஸ்டர் | ஞாயிறு, மதியம் 2.15

அண்ணாச்சி, முதலில் கட்டைவிரலுக்கு மருந்து போட்டீர்களா?

பாளையங்கோட்டையில் அறுவை அரங்கில் வேலை பார்த்தவள் நான். பிளேடு பிரித்து நீட்டுவதே பாதி வாழ்க்கை. எஃகு பிளேடை நுண்ணோக்கியில் பார்த்தால் பனங்கருக்கு மாதிரி பல் பல்லாக இருக்கும். நன்றாக உடைத்த அப்சிடியன் ஓரம் அதே அளவில் நேர்க்கோடாகத் தெரியும். தடிமனை நானோமீட்டரில்தான் சொல்ல வேண்டும். டான் கிராப்ட்ரீ என்று ஒரு அமெரிக்கர், பழங்காலக் கல் செதுக்கும் முறைகளைத் தானே செய்து பார்த்துக் கற்றவர். 1970-களில் தனக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது தான் செதுக்கிய அப்சிடியன் கத்தியையே டாக்டரிடம் கொடுத்தார்.

பிறகு ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை என்றால், பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தினால் போதும், நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். ஒரு பஞ்சு எண்ணிக்கையில் குறைந்தாலே எங்கள் பெரிய டாக்டர் அரங்கத்தை இரண்டாக்கிவிடுவார். கண்ணாடிச் சில் என்றால் கேட்கவே வேண்டாம்.

மைபார்த்தபேத்தி | ஞாயிறு, இரவு 9.05

கல் எதுவாகவும் இருக்கட்டும், கதை சொல்ல நான் வந்துவிட்டேன்.

என் சின்ன வயதில் ஆச்சியின் இரட்டைவடச் சங்கிலி தொலைந்துபோனது. ஏரல் பக்கம் ஒருவரிடம் மை போட்டுப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, விளக்குக்கு நேரே பிடித்து, “பாப்பா, உள்ளே யார் தெரிகிறார்கள்?” என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு என் மூக்குதான் தெரிந்தது. எல்லோரும் ஆவலாகப் பார்க்கிறார்களே என்று “சித்தி” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சித்தி இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சங்கிலி பின்னால் அரிசிப் பானைக்குள் கிடைத்தது.

இதே வேலைக்கு மெக்சிகோவில் அப்சிடியனைத் தேய்த்து வட்டக் கண்ணாடி செய்தார்கள். ஆஸ்டெக் மக்களின் தெய்வம் ஒன்றுக்கு டெஸ்கட்லிபோகா என்று பெயர். புகையும் கண்ணாடி என்று பொருள். ஆதியில் பூமியாகிய பூதத்துக்குத் தன் காலையே தூண்டில் இரையாகக் காட்டி, அது கடித்துக்கொண்டுபோக, அந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி பதித்துக்கொண்ட தெய்வம். அந்த ஊர்க் கண்ணாடி ஒன்று கடல் கடந்து இங்கிலாந்து போய், முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில் ஜான் டீ என்பவர் ஆவிகளோடு பேச வைத்திருந்தது என்று சொல்லப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் பச்சூகா மலையில் எடுத்த கல்தான் அது என்று வேதியியல் சோதனையில் தெரிந்தது 2021-இல். உள்ளே யாருடைய சித்தி தெரிந்தாரோ.

தோணிக்காரன் | திங்கள், காலை 5.30

ஒரு எரிமலைக் கல் இன்னொன்று மாதிரி இருக்காது என்பதை எங்கள் தூத்துக்குடித் தோணிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியை நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுகிறோமே, அதுபோல ஒவ்வொரு மலை அப்சிடியனுக்கும் சிறு தனிமங்களின் கலவை வேறு. கிரேக்க நாட்டுக் கரையில் பிராங்தி என்ற குகையில், விவசாயமே தொடங்காத காலத்து மண்ணடுக்கில், மீலோஸ் தீவு அப்சிடியன் கிடைத்திருக்கிறது. மீலோஸுக்கும் கரைக்கும் நடுவே கடல். கல் நீந்தி வராது. அப்படியென்றால் அந்த நாளிலேயே கடலோடிகள் இருந்தார்கள். அவர்கள் ஏறி வந்த ஓடத்தில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை, சாட்சி சொல்வது இந்தக் கல் ஒன்றுதான்.

தேரித்தபால் | திங்கள், மாலை 6.20

சிஸ்டர், மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறிவிட்டது.

வாத்தியார் சொன்னபடி கருப்பட்டிக் கடைத் தராசைக் கடன் வாங்கிச் சோதித்தோம். கடைக்காரர், அவர் மனைவி, கருப்பட்டி வாங்க வந்த இரண்டு பேர் உட்பட ஆறு பேர் சுற்றி நின்றோம். கல்லின் எடை 86 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினான் பேரன். கை நடுங்கி இரண்டு முறை அடி தட்டியது. மூன்றாம் முறை 24-இல் நின்றது. அவனே செல்போனில் வகுத்தான்: 3.58. வெயிலில் ஓரத்தைப் பிடித்தோம், ஒரு துளி ஒளிகூடக் கசியவில்லை. காந்தம் ஒட்டவில்லை. ஆனால் நூலில் கட்டித் தொங்கவிட்டு மங்கல் பக்கம் கொண்டுபோனால் லேசாகச் சாய்கிறது.

அப்சிடியன் என்றால் 36 காட்டியிருக்க வேண்டுமாமே. பயல் முகம் வாடிவிட்டது.

பாறைவாத்தியார் | திங்கள், இரவு 8.10

வாட வேண்டாம். அது சிட்டம். இரும்பு உருக்கிய உலையில் வடிந்த கசடு. உள்ளே இரும்பு கலந்திருப்பதால்தான் இவ்வளவு கனம், அதனால்தான் காந்தத்துக்கு ஒரு சாய்வு. ஆப்ப ஓட்டைகள், குழம்பில் கொப்புளித்த காற்று. சட்டென்று ஆறிய பக்கம் கண்ணாடியானது. எரிமலை செய்ததை மனிதன் களிமண் உலையில் சிறிய அளவில் செய்திருக்கிறான், அவ்வளவுதான் வேறுபாடு.

எந்தக் காலத்து உலை என்று கல்லை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மேட்டில் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடக்கிறது என்றீர்கள். அங்கிருந்து ஆதிச்சநல்லூர் அதிக தூரமில்லை. நூறு வருடத்துக்கு முன் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது தாழிகளோடு ஈட்டி, வாள் என்று இரும்புப் பொருள்கள் நிறையக் கிடைத்தன. எனவே மேட்டை யாரும் கிளற வேண்டாம், தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். கடிதம் எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. பேரன் தேடியது அப்சிடியன் கத்தி என்றால், அதன் தம்பி உங்கள் காலடியிலேயே இருக்கிறது. சாயர்புரம், குதிரைமொழி பக்கத்துத் தேரிகளில் நகத்தளவு கல் கருவிகள் கிடைப்பதை நிலவியலாளர் புரூஸ் ஃபூட் கவனித்தார். பிறகு செய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து 1956-இல் எழுதினார்கள். செர்ட் என்னும் பழுப்புக் கல்லிலும் வெள்ளைக்கல்லிலும் செய்தவை. அப்சிடியன் இல்லாத ஊர், இருந்த கல்லில் அதே வித்தையைக் காட்டியிருக்கிறார்கள். உடைந்த முகத்தில் அதே சிப்பி வளைவு இருக்கும்.

தேரித்தபால் | புதன், காலை 11.00

நேற்று எங்கள் ஊர் ஆசாரியிடம் கல்லைக் காட்டினோம். துருத்தி மிதிப்பதை நிறுத்தாமலே “சிட்டம்லா, இதுக்கா தராசு பிடிச்சீங்க?” என்றார். உலை ஓரத்திலிருந்து அப்போதுதான் விழுந்த ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துப் பேரன் முன்னால் போட்டார். சின்னது, ஆனால் அதே எருமை முதுகு. ஆறும்வரை பையன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

திரும்பும்போது ஒற்றையடிப் பாதையில் குனிந்தே நடந்தான். ஒரு பழுப்புச் சில்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளைவு இருந்தது. வாத்தியார் எழுதியதைச் சொன்னேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பால் ஒரு வட்டம் போட்டான். அடுத்த பங்குனிக்கு வந்து பார்ப்பானாம். தேரிக் காற்று அந்த வட்டத்தை ராத்திரிக்குள் அழித்திருக்கும், நான் சொல்லவில்லை.

இன்று ரயில் ஏறிவிட்டார்கள். சிட்டக்கல்லை மகள் பையில் வைக்க விடவில்லை, துணி கிழிந்துவிடுமாம். தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் பேரன். வைக்கோல் சுற்றி, தீப்பெட்டிக் கட்டு வந்த அட்டையில் வைத்து, நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கவுண்டரில் உள்ளே என்ன என்று கேட்டால் சிட்டம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு என்ன சொல்வது.