ரெக்டெஸ்ட் செயல்விளக்கம்: ஆண்ட்ராய்டுக்கு எந்த வாலட்?

வரும் ஞாயிறு காரைக்குடியில் புதியவர்களுக்கு பிட்காயின் வகுப்பு. "கணக்குப்பிள்ளை இல்லாமல் பேரேட்டை யார் எழுதுவது?" என்றுதான் இங்கே முதலில் கேட்பார்கள். அவரவர் போனிலேயே வாலட் (காயின் அனுப்பவும் வாங்கவும் உதவும் செயலி) வைத்துக் காசு அனுப்பி, அது பிளாக்கில் (பேரேட்டின் ஒரு பக்கம் மாதிரி) ஏறுவதைக் காட்டினால்தான் பிடிபடும். போனில்தான் சிக்கல்.

சிக்நெட்டில் (மதிப்பில்லாத காயினோடு ஓடும் பொதுச் சோதனை வலை) பார்த்தாயிற்று. எல்லோரும் ஒரே வைஃபை என்பதால் ஃபாசெட் (சோதனைக் காயினை இலவசமாகத் தரும் தளம்) முதல் ஆளுக்கு மட்டும் தருகிறது. மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரு பிளாக்குக்குச் சராசரி 10 நிமிடம்; கூட்டம் கலைந்துவிடும்.

அதனால் ரெக்டெஸ்ட்: நம் கணினியிலேயே ஓடும் தனிச் சோதனை வலை, பிளாக்கை நினைத்தவுடன் உருவாக்கலாம். உபுண்டு லேப்டாப்பில் பிட்காயின் கோரும் (வலையை நடத்தும் மென்பொருள்) எலெக்ட்ர்ஸும் (வாலட்டுகள் இணையும் எலெக்ட்ரம் சர்வர்) ஓடுகின்றன. 101 பிளாக் உருவாக்கியாச்சு (முதல் பிளாக்கின் 50 காயின் அதற்குப் பிறகுதான் செலவுக்கு வரும்), ஃபால்பேக்ஃபீ (கட்டணத்தைக் கணிக்க முடியாதபோது எடுத்துக்கொள்ளும் அளவு) 0.0002. எலெக்ட்ர்ஸ் முகவரியை 0.0.0.0:60401 என மாற்றியதும் இன்னொரு லேப்டாப்பின் ஸ்பாரோ வாலட் உடனே இணைந்தது. வளவு வீட்டுச் சுவர் தடிமன் என்பதால் ரவுட்டர் முற்றத்தில். சிக்னல் குறையில்லை, போனிலிருந்து போர்ட்டும் எட்டுகிறது. ஆனால் பிசிஆர்டி1 என்று தொடங்கும் ரெக்டெஸ்ட் முகவரியின் க்யூஆரை போன் வாலட்டில் ஸ்கேன் செய்தால் 'தவறான முகவரி'. வாலட்டை டெஸ்ட்நெட்டுக்கு (இன்னொரு பொதுச் சோதனை வலை) மாற்றினால் டிபி1 என்று தொடங்கும் முகவரி கேட்கிறது.

ரெக்டெஸ்ட் முகவரியை ஏற்று, சொந்த எலெக்ட்ரம் சர்வரோடு இணையும் ஆண்ட்ராய்டு வாலட் எது?